பொம்மைப் படம்... எந்த வயசுக்கு?

லீவு விட்டாச்சு. வீட்டில் நண்டும் சிண்டுமாக ஒரே ரகளை. ‘ஏதோ புது கார்ட்டூன் படம் வந்திருக்காம். பசங்களைக் கூட்டிட்டுப் போங்களேன்’ என்று வீட்டம்மா சொல்கிறார். ‘பொம்மைப் படம்தானே, குழந்தைகளுக்குன்னே எடுத்தது’ என்று நீங்களும் டிக்கெட் எடுத்துவிடுகிறீர்கள். இல்லாவிட்டால் டி.வி.யிலோ செல்போனிலோ போட்டு விட்டுவிட்டு, அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறீர்கள்.

அன்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, நாலு வயதுப் பொடிசு வீறிட்டு எழுந்து உட்காருகிறது. ‘உடம்புச் சூடு’ என்கிறார் மாமியார். ‘வயித்துல பூச்சி இருக்கும்’ என்கிறார் பக்கத்து வீட்டு அம்மா. ‘கண்ணு பட்டிருக்கு, சுத்திப் போடு’ என்கிறார் இன்னொருவர். சாயங்காலம் குழந்தை என்ன பார்த்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை!

ஒரு சூரணம் கொடுப்பதென்றால்கூட நாம் வயதைக் கேட்கிறோம். அப்பாவுக்குக் கொடுக்கிற அளவை அப்படியே மூன்று வயதுக் குழந்தைக்குக் கொடுப்போமா? மாட்டோம். கண்ணும் காதும் வழியாக உள்ளே போகிற விஷயத்துக்கும் அதே நியாயம்தான். ஒரு கார்ட்டூன் படம் உங்கள் குழந்தைக்கு ஏற்றதா, இல்லையா என்று நீங்களே எடை போடுவது எப்படி? இந்த இதழில் அதைத்தான் பாடமாக எடுத்துக்கொள்ளப் போகிறோம்.

வரைந்தது எல்லாம் குழந்தைப் படம் அல்ல

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடுவோம். கார்ட்டூன் என்பது படம் எடுக்கிற ஒரு முறை. அவ்வளவுதான். அது யாருக்கான படம் என்பதை அந்த முறை சொல்லாது.

ஜப்பானில் ஸ்டுடியோ கிப்லி என்று புகழ்பெற்ற ஒரு நிறுவனம் இருக்கிறது. 1988 ஏப்ரலில் அவர்கள் ஒரே நாளில் இரண்டு கார்ட்டூன் படங்களைச் சேர்த்து வெளியிட்டார்கள். ஒன்று, ஹயாவோ மியாசாகி இயக்கிய ‘மை நெய்பர் டோட்டோரோ’. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்க, அப்பாவோடு கிராமத்து வீட்டுக்குக் குடிவரும் இரண்டு சின்னப் பெண்களுக்குக் காட்டில் வாழும் ஒரு பெரிய, சாதுவான பிராணி சிநேகமாகிறது. வில்லனே கிடையாது.

இன்னொன்று, இசாவோ தகஹாதா இயக்கிய ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்’. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்குத் தாயைப் பறிகொடுத்த ஒரு பையனும் அவன் தங்கையும் பட்டினியால் வாடி உயிர்விடும் கதை. பெரியவர்களுக்கே தாங்காது. ஒரே நிறுவனம், ஒரே நாள், இரண்டும் வரைந்த படங்கள். போஸ்டரைப் பார்த்தால் இரண்டிலுமே சின்னக் குழந்தைகள்! போஸ்டரை நம்பிப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, குழந்தைகளுக்கென்றே எடுத்த படங்களாவது சாதுவானவையா? ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ 2014 டிசம்பரில் ஒரு சுவாரசியமான ஆய்வை வெளியிட்டது. 1937-ல் வந்த ‘ஸ்னோ ஒயிட்’ முதல் 2013-ல் வந்த ‘ஃப்ரோஸன்’ வரை, நன்றாக ஓடிய 45 குழந்தைகள் கார்ட்டூன் படங்களை எடுத்துக்கொண்டார்கள். பெரியவர்களுக்காக வந்து நன்றாக ஓடிய 90 படங்களோடு அவற்றை ஒப்பிட்டார்கள். முக்கியமான பாத்திரம் ஒன்று திரையில் சாவது பெரியவர்கள் படங்களில் ஏறக்குறைய பாதியில் இருந்தது. குழந்தைகள் படங்களிலோ மூன்றில் இரண்டு பங்கில் இருந்தது! அதிலும் அதிகம் சாவது யார் தெரியுமா? அப்பா, அம்மா.

‘ஃபைண்டிங் நீமோ’ (2003) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வண்ண வண்ண மீன்கள், அழகான கடல். ஆனால் படம் தொடங்கி 4 நிமிடம் 3 விநாடியில் தாய் மீன் செத்துப்போகிறது. சீலா மீன் ஒன்று தாயையும், ஒரே ஒரு முட்டை தவிர மற்ற எல்லா முட்டைகளையும் தின்றுவிடுகிறது. பாப்கார்ன் பொட்டலத்தைப் பிரித்து முடிப்பதற்குள் இவ்வளவும் நடந்துவிடும்.

கதாசிரியர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. அப்பா அம்மா கூடவே இருந்தால், குட்டி ஹீரோவுக்குத் தனியாகச் சாகசம் செய்ய வேலையே இருக்காதே! ஆகவே பெரியவர்களைக் கதையிலிருந்து அப்புறப்படுத்துகிறார்கள். பத்து வயதுப் பிள்ளை அதைக் கதை என்று எடுத்துக்கொள்ளும். மூன்று வயதுக் குழந்தைக்கு உலகமே அம்மாதான். அதன் கண்ணெதிரே ஓர் அம்மா காணாமல் போகிறாள்.

சர்டிபிகேட் சொல்வதும் சொல்லாததும்

‘யூ சர்டிபிகேட் இருக்கே டாக்டர்’ என்பீர்கள். பார்க்க வேண்டியதுதான். 2023-ல் சினிமா சட்டத்தைத் திருத்திய பிறகு, பழைய ‘யூஏ’ மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. யூஏ 7+, யூஏ 13+, யூஏ 16+ என்று. ‘யூ’ என்றால் யாருக்கும் தடையில்லை. ‘யூஏ 7+’ என்றால் ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்பதைப் பெற்றோர்தான் யோசித்து முடிவு செய்ய வேண்டும். தியேட்டர் வாசலில் யாரும் உங்களைத் தடுத்து நிறுத்த மாட்டார்கள். பொறுப்பு உங்கள் தலையில்!

ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். ‘எல்லோருக்கும் தடையில்லை’ என்பது வேறு, ‘எல்லோருக்கும் ஏற்றது’ என்பது வேறு. அமெரிக்காவில் 1994-ல் வந்த ‘லயன் கிங்’குக்கும், மேலே சொன்ன ‘ஃபைண்டிங் நீமோ’வுக்கும் கிடைத்தது ‘ஜி’. அதாவது எல்லா வயதினரும் பார்க்கலாம் என்ற முத்திரை. அங்கேயும் தாய் சாகிறாள், தந்தை சாகிறார். ரத்தம், ஆபாசம், கெட்ட வார்த்தை இருக்கிறதா என்பதைச் சர்டிபிகேட் ஓரளவு சொல்லிவிடும். உங்கள் வீட்டுக் குழந்தை போன மாதம்தான் தாத்தாவைப் பறிகொடுத்தது என்பது அதற்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்.

வயதுக்கு வயது பயம் வேறு

பயம் எல்லா வயதிலும் உண்டு. ஆனால் எதைக் கண்டு பயம் என்பது மாறிக்கொண்டே போகும். இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

இரண்டு வயதுக்குள்: படமே வேண்டாம். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் இந்த வயதில் திரையே கூடாது என்கிறது. தூரத்து ஊரில் இருக்கும் உறவினரோடு வீடியோவில் பேசுவது மட்டும் விதிவிலக்கு. இந்தக் குழந்தைக்குக் கதை புரியாது. சத்தமும் வெளிச்சமும்தான் உள்ளே போகும்.

மூன்றிலிருந்து ஐந்து வரை: கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ, அதுதான் நிஜம். கோரமான முகம், திடீர்ச் சத்தம், உருவம் மாறுவது... இவைதான் பயமுறுத்தும். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியை ஜோன் கேண்டர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். ‘இன்கிரெடிபிள் ஹல்க்’ என்ற டி.வி. தொடரை அவருடைய குழு பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியது. நல்ல மனிதர் ஒருவர் பச்சை நிறப் பூதமாக மாறி, ஆபத்தில் இருப்பவர்களைக் காப்பாற்றுவார். பெரிய பிள்ளைகளுக்கு அவர் மாறியதும் பயம் தெளிந்தது. ‘அப்பாடா, காப்பாத்திடுவார்.’ சின்னஞ்சிறுசுகளுக்கோ அவர் மாறிய பிறகுதான் பயமே! அவர் நல்லவர் என்பது அவர்களுக்கு ஆறுதலாக இல்லை. பச்சைப் பூதம் பூதம்தான்.

ஐந்திலிருந்து ஏழு வரை: கதை புரிய ஆரம்பிக்கும். ‘நம்ம அம்மாவும் செத்துப் போவாங்களா?’ என்ற கேள்வி வரும். இந்த வயதிலும், இதற்குச் சற்று முந்தியும் இன்னொரு விஷயம் உண்டு. தான் நினைத்ததாலோ, கோபத்தில் சொன்னதாலோ ஒரு கெட்டது நடந்துவிடும் என்று குழந்தை நம்பும். ‘போ, நீ வேணாம்’ என்று கத்திய அன்றே அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தால், தன்னால்தான் வந்தது என்று மனதுக்குள் வைத்துக்கொள்ளும். வெளியே சொல்லாது.

ஏழுக்கு மேல்: பூதம், பிசாசு பயம் குறையும். நிஜத்தில் நடக்கக்கூடியவை பயமுறுத்தும். திருடன், தீ, விபத்து, வியாதி. வரைந்த டிராகனைப் பார்த்துச் சிரிக்கிற பிள்ளை, வீடு தீப்பிடிக்கிற காட்சியில் விரைத்துப்போய் உட்கார்ந்திருக்கும்.

சித்த மருத்துவத்தில் மனித ஆயுளை மூன்று பங்காக்கி, முதல் பங்கை வாதத்துக்கு ஒதுக்குவார்கள். அசைவும் துடிப்பும் வாதத்தின் குணம். சட்டென்று எழும், சட்டென்று கலங்கும். பெரியவர்கள் ‘இதுக்குப் போயா’ என்று நினைப்பது, குழந்தைக்கு உடம்பெல்லாம் உதறுகிற விஷயமாக இருப்பது இதனால்தான்.

மாதிரிப் பாடம்: ‘லயன் கிங்’

உங்களில் பலர் வீட்டில் பார்த்த படம். 1994-ல் கையால் வரைந்து வந்தது. 2019-ல் நிஜ மிருகங்கள் போலவே கம்ப்யூட்டரில் உருவாக்கி மறுபடி எடுத்தார்கள். தமிழில் சிம்பாவுக்கு சித்தார்த்தும், வில்லன் சித்தப்பா ஸ்காருக்கு அரவிந்த் சுவாமியும் குரல் கொடுத்தார்கள். நல்ல படம். அதில் சந்தேகமில்லை. எந்த வயதுக்கு என்பதுதான் கேள்வி.

முதலில், தோற்றமும் சத்தமும். யானைகளின் எலும்புக் குவியலில் கழுதைப்புலிகள் குட்டிகளைத் துரத்துகின்றன. இருட்டு, பல், சிரிப்பு. மூன்று, நான்கு வயதுக்கு இதுவே அதிகம்.

இரண்டாவது, சாவு. படம் தொடங்கி அரை மணி நேரம் தாண்டியதும், ஓடி வருகிற காட்டு மாட்டுக் கூட்டத்தில் அப்பா சிங்கம் தள்ளப்பட்டு இறக்கிறது. குட்டி அதன் உடம்பை முட்டி முட்டி எழுப்பிப் பார்க்கிறது. இது திரைக்கு வெளியே நடக்கவில்லை, கண்ணெதிரே நடக்கிறது. 1942-ல் வந்த ‘பேம்பி’யில் தாய் மானை வேடன் சுடுகிறான். அங்கே சத்தம் மட்டும்தான் கேட்கும், உடலைக் காட்ட மாட்டார்கள். இந்த வித்தியாசம் பெரியது.

மூன்றாவதுதான் முக்கியம். ‘உன்னால்தான் உன் அப்பா செத்தார்’ என்று சித்தப்பா சிங்கம் குட்டியை நம்பவைத்து ஊரைவிட்டே ஓடச் செய்கிறது. குட்டியும் அதை நம்பி, வளர்ந்த பிறகும் அந்தப் பாரத்தைச் சுமக்கிறது. படத்தின் கடைசியில்தான் ‘கொன்றது நான்தான்’ என்று ஸ்கார் ஒப்புக்கொள்கிறது. மேலே சொன்ன ஐந்து வயது நம்பிக்கையோடு இதைச் சேர்த்துப் பாருங்கள்.

ஐந்து வயதுப் பையன் ஒருவனை என்னிடம் அழைத்து வந்தார்கள். ஒன்றரை வருஷமாக நின்றிருந்த படுக்கையில் நனைப்பது திரும்ப ஆரம்பித்திருந்தது. சிறுநீர்ப் பரிசோதனையில் கோளாறு இல்லை. நாடியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ‘அவங்கப்பா ஆபீஸுக்குக் கிளம்பினா காலைக் கட்டிக்கிட்டு விடமாட்டேங்கறான் டாக்டர்’ என்றார் தாயார். பையனிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தவன் கேட்டான்: “நான் சொன்ன பேச்சு கேக்கலைன்னா அப்பா செத்துப் போயிடுவாங்களா, டாக்டர் மாமா?”

வீட்டில் அந்தச் சிங்கப் படத்தை ஐந்தாறு தடவை பார்த்திருக்கிறான். ‘அவனுக்கு ரொம்பப் பிடிக்கும், திரும்பத் திரும்பப் போடச் சொல்வான்’ என்றார்கள். விசாரித்ததில் ஒன்று தெரிந்தது. அப்பா சிங்கம் விழுந்ததும் ஒவ்வொரு தடவையும் எழுந்து வேறு அறைக்கு ஓடிவிடுகிறான். முடிவை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை! குட்டி மேல் தப்பில்லை என்ற செய்தி அவனுக்குப் போய்ச் சேரவே இல்லை. பழி மட்டும் தங்கிவிட்டது.

மருந்து எதுவும் எழுதவில்லை. அவன் அப்பாவிடம், ‘பையனை மடியில் உட்காரவைத்து, மீதிக் கதையை வாயால் சொல்லுங்கள். சிம்பா மேல் தப்பே இல்லை, சித்தப்பா பொய் சொன்னான் என்று தினமும் சொல்லுங்கள்’ என்றேன். ‘படுக்கை நனைந்தால் திட்டக் கூடாது’ என்று தாயாரிடம் சொன்னேன். மூன்று வாரத்தில் சரியாயிற்று.

இதிலிருந்து இரண்டு பாடம். ஒன்று, குழந்தை திரும்பத் திரும்பக் கேட்பதால் அது அந்தப் படத்தை ரசிக்கிறது என்று முடிவுகட்டாதீர்கள். புரியாத ஒன்றைப் புரிந்துகொள்ளவும் கேட்கும். இரண்டு, பயங்கரமான இடத்தில் படத்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள். நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், முடிவை வாயால் சொல்லிவிடுங்கள்.

என்னைக் கேட்டால், 1994 படத்தை ஆறு, ஏழு வயதுக்கு மேல், பெரியவர் கூட உட்கார்ந்து காட்டலாம். 2019 படத்துக்கு இன்னும் ஒரு வயது கூட்டிக்கொள்ளுங்கள். கதை ஒன்றுதான். ஆனால் வரைந்த சிங்கம் விழுவதும், நிஜச் சிங்கம் போலவே ஒன்று விழுவதும் குழந்தைக்கு ஒன்றல்ல. அமெரிக்கர்களும் முதல் படத்துக்கு ‘ஜி’ கொடுத்துவிட்டு, இரண்டாவதற்குப் பெற்றோர் வழிகாட்டல் தேவை என்ற ‘பிஜி’ முத்திரைதான் கொடுத்தார்கள்.

உடம்பையும் கவனியுங்கள்

சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் என்று சொல்வோம். உடம்பு தானாகக் கேட்கிற விஷயங்கள். இவற்றை அடக்கினால் நோய் வரும் என்பது பாலபாடம். இரண்டு மணி நேரம் ஓடுகிற படத்துக்குச் சின்னக் குழந்தையைக் கூட்டிப்போனால், இந்தப் பதினான்கில் எத்தனையை அடக்குகிறோம் பாருங்கள். சிறுநீர் வந்தால், ‘இரு, இன்டர்வெல்ல போகலாம்.’ தாகம், பசி என்றால், ‘கொஞ்சம் பொறு.’ இரவுக் காட்சி என்றால் தூக்கம். அழுகை வந்தால், ‘சீ, எல்லாரும் பாக்கறாங்க, அழாதே’ என்று கண்ணீரும் போச்சு! தூக்கத்தை அடக்கினால் தலைக்கனமும் கண் சிவப்பும் வரும் என்பார்கள். மறுநாள் காலையில் சிடுசிடுத்துக்கொண்டு எழுந்திருக்கும் குழந்தையைப் பார்த்தாலே தெரியும்.

எனவே சின்னக் குழந்தைக்குப் பகல் காட்சிதான். ஓரத்து இருக்கையாக எடுங்கள், எழுந்து போக வசதி. ஸ்பீக்கருக்குப் பக்கத்திலும் திரைக்கு நேர் முன்னாலும் வேண்டாம். ஏ.சி. குளிருக்கு ஒரு துண்டோ போர்வையோ எடுத்துப் போங்கள்.

வலிப்பு வந்த சரித்திரம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ‘போக்கிமான்’ கார்ட்டூன் தொடரின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் விநாடிக்குச் சுமார் 12 தடவை மாறி மாறி மின்னின. அன்று 685 பேர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலும் குழந்தைகள். எல்லோருக்கும் வலிப்பு இல்லை. பலருக்கு வாந்தி, தலைச்சுற்றல். 2018-ல் வந்த ‘இன்கிரெடிபிள்ஸ் 2’ படத்திலும் இப்படி மின்னும் காட்சிகள் இருந்ததால், தியேட்டர்களில் எச்சரிக்கை வைத்தார்கள். உங்கள் பிள்ளைக்கு அந்தத் தொந்தரவு உண்டு என்றால், மின்னும் வெளிச்சம் உள்ள படமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். அதைப் பற்றி அவனுக்கு மருந்து கொடுக்கும் டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அளவு, அனுபானம், பத்தியம்

எங்கள் மருந்துக்கு இந்த மூன்றும் உண்டு. படத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு: இரண்டிலிருந்து ஐந்து வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. அதற்கும் குறைந்தால் நல்லது. ‘ஃபைண்டிங் நீமோ’ 100 நிமிடம். ‘லயன் கிங்’ 2019 படம் 118 நிமிடம். ஆகவே வீட்டில் பார்த்தால் இரண்டு நாளாகப் பிரித்துக் காட்டுங்கள். எல்லோரும் பத்திரமாக இருக்கிற, சிரிப்பான இடத்தில் நிறுத்துங்கள்.

அனுபானம்: தேனிலோ பாலிலோ குழைத்துக் கொடுக்காமல் எங்கள் சூரணங்களைக் குழந்தைக்கு இறக்க முடியாது. படத்துக்கு அனுபானம் நீங்கள்தான். பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு. அக்காவிடமோ அண்ணனிடமோ ஒப்படைத்துவிட்டுப் போவது அனுபானம் ஆகாது. பத்து வயது அண்ணனுக்குப் பிடித்த படத்தைத்தான் மூன்று வயதுத் தம்பியும் பார்த்துத் தொலைக்கிறான். வீடுகளில் நடக்கிற சிக்கல்களில் பாதி இதுதான். மூத்தவனுக்கு வேறு நேரம் ஒதுக்குங்கள்.

பத்தியம்: படம் முடிந்த உடனே படுக்கைக்கு அனுப்பாதீர்கள். தூங்குவதற்குக் குறைந்தது ஒரு மணி நேரத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். அப்புறம் சாப்பாடு, கொஞ்சம் விளையாட்டு, பேச்சு. ‘உனக்கு எது பிடிச்சுது? எது பிடிக்கலை?’ என்று கேளுங்கள். ‘பயந்தியா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் சொல்லும். படம் வரைந்து காட்டச் சொன்னால் உள்ளே இருப்பது வெளியே வரும்.

டிக்கெட் எடுக்கும் முன் ஆறு கேள்விகள்

1. கதையை முழுவதும் தெரிந்துகொண்டேனா? டிரெய்லர் போதாது. பார்த்தவரிடம் கேளுங்கள். வீட்டில் காட்டுவதாக இருந்தால் முதலில் நீங்கள் பார்த்துவிடுங்கள்.

2. அப்பா, அம்மா, குட்டி... இவர்களில் யாராவது சாகிறார்களா, தொலைகிறார்களா? அது கண்ணெதிரே நடக்கிறதா?

3. குழந்தை மேல் பழி விழுகிற காட்சி உண்டா?

4. கோர முகம், உருவம் மாறுவது, திடீர்ச் சத்தம், மின்னும் வெளிச்சம் எவ்வளவு?

5. எங்கள் வீட்டில் சமீபத்தில் நடந்த எதையாவது இது கிளறுமா? சாவு, ஆபரேஷன், ஊர் மாற்றம், புதுத் தம்பி தங்கை?

6. பாதியில் எழுந்து வர நான் தயாரா? ‘காசு கொடுத்தாச்சே’ என்று உட்கார்ந்திருப்பேனா?

கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். டிக்கெட் காசு போனால் போகட்டும். காதைப் பொத்திக்கொண்டு, முகத்தை உங்கள் மடியில் புதைக்கிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.

பயந்துவிட்டால்...

‘சும்மா பொம்மைடா, நிஜமில்லை’ என்று சொல்வோம். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு அது எடுபடும். மூன்று, நான்கு வயதுக்கு எடுபடாது என்பதையும் ஜோன் கேண்டரின் ஆய்வுகள் காட்டின. இந்த வயதில் உதவுவது பேச்சு இல்லை, தொடுவதுதான். மடியில் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மிடறு தண்ணீரோ வெதுவெதுப்பான பாலோ கொடுங்கள். பிடித்த பொம்மையைக் கையில் கொடுங்கள். சில நாள் விளக்கைச் சின்னதாக எரியவிட்டு, பக்கத்தில் படுங்கள்.

‘ஆம்பிளைப் பிள்ளை பயப்படலாமா?’ என்று கேலி செய்யாதீர்கள். பயம் போகாது. பயந்ததைச் சொல்லும் பழக்கம்தான் போய்விடும்.

‘பயந்த கோளாறுக்கு’ மந்திரித்துக் கயிறு கட்டுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. திருநீறு பூசிவிடும் பாட்டியின் கை தைரியம் தரும்தான். அதோடு பயமுறுத்திய படத்தையும் நிறுத்த வேண்டும் அல்லவா? இன்னொன்று, ‘தூங்க வைக்கும்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு வசம்பையோ கடையில் விற்கும் மருந்தையோ நீங்களாகக் கொடுக்காதீர்கள். படம் பார்த்த பயத்துக்கு மருந்து தேவையில்லை.

பெரும்பாலும் சில நாட்களில் தெளிந்துவிடும். இரண்டு, மூன்று வாரம் தாண்டியும் ராத்திரி அலறல், தனியாக இருக்க மறுப்பது, சாப்பாடு குறைவது, படுக்கை நனைப்பது, பள்ளிக்கூடம் போக மறுப்பது தொடர்ந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். படம் மட்டும்தான் காரணம் என்று நீங்களாக முடிவுகட்டாதீர்கள். வேறு காரணமும் இருக்கலாம். தூக்கத்தில் கை கால் வெட்டி இழுத்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

அப்படியானால் சோகமே கூடாதா?

அப்படிச் சொல்லவில்லை. பிரகலாதன் கதையில் நரசிம்மம் தூணைப் பிளந்து வருகிறது, இரணியன் குடல் கிழிபடுகிறது. பாட்டி சொல்லிக் கேட்டு நாம் எல்லோரும் வளர்ந்தோம். ஆனால் சொல்லும்போது பாட்டி குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கண் மிரண்டால் குரலைத் தணிப்பார், ஓர் இடத்தைத் தாண்டிப் போவார், ‘சாமி வந்து காப்பாத்திடுச்சு’ என்று முடித்துவிடுவார். படத்துக்குக் கண் இல்லை. யார் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. அதன் சத்தமும் வேகமும் மூன்று வயதுக்கும் முப்பது வயதுக்கும் ஒன்றுதான். அதனால்தான் பாட்டியின் வேலையை நீங்கள் செய்ய வேண்டியிருக்கிறது.

வயது வந்ததும் சோகமான படங்களும் நல்லவையே. 2015-ல் வந்த ‘இன்சைட் அவுட்’ படத்தில், பதினோரு வயதுப் பெண்ணின் மனதுக்குள் சந்தோஷம், சோகம், கோபம், பயம், அருவருப்பு ஐந்தும் ஐந்து பாத்திரங்களாக வருகின்றன. சோகத்தை ஒதுக்கி வைக்கப் பார்க்கிற சந்தோஷம், கடைசியில் சோகத்துக்கும் ஒரு வேலை உண்டு என்று புரிந்துகொள்கிறது. எட்டு, ஒன்பது வயதில் அப்பா அம்மாவோடு பார்க்க அருமையான படம். நான்கு வயதுக்கு அது வெறும் வண்ணமும் ஓட்டமும்தான். வயது வரும்வரை காத்திருந்தால் நஷ்டம் எதுவும் இல்லை. படம் எங்கேயும் போய்விடாது.

அந்த வயது வந்து, படத்தில் ஒரு சாவு வந்து, உங்கள் பிள்ளை உங்கள் தோளில் சாய்ந்து அழுதால் அழவிடுங்கள். கண்ணீரும் அந்தப் பதினான்கு வேகங்களில் ஒன்று. ‘அழாதே’ என்று சொல்லாமல், கைக்குட்டையைக் கொடுங்கள். வீட்டுக்கு வந்து அதைப் பற்றிப் பேசுங்கள்.